லோன் கம்பனி வேலைக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வயது 24, ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம், டிப்ளோமா முடித்து ஒன்றரை வருடமாக வேலை இல்லை. இப்போது ஒரு நுண்கடன் கம்பனியில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலை வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 38,000 ரூபா, இலக்கை எட்டினால் அதற்கு மேல் கொமிஷன், மோட்டார் சைக்கிளும் பெற்றோல் காசும் தருவார்கள். அம்மா போகச் சொல்கிறா. ஆனால் உங்கள் பெரியம்மா இதே மாதிரி லோன் எடுத்து மாட்டுப்பட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறா. இந்த வேலைக்குப் போவது பாவமா, ஒருவன் எந்தெந்த வேலையை ஏற்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பாவ புண்ணியக் கணக்கு பார்க்கிற ஆள் நானில்லை. கேள்வியை இரண்டாம் தரம் வாசித்தபோது எனக்குப் பட்டது வேறு: மற்றவர்கள் மாதிரி இல்லாமல் நான் நல்லவனாக இருந்து இந்த வேலையைச் செய்யலாம்தானே என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கு எனக்குக் கொஞ்சம் பதில் தெரியும், ஏனென்றால் அதே நினைப்போடுதான் நானும் உள்ளே போனேன்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் சுழற்சிக் கடன் திட்டத்தில் கணக்கு எழுதத் தொடங்கி, அது மூடுப்பட்டதும் ஒரு நிதிக் கம்பனியில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, நாலு வருடம் ஓடினேன். கம்பனியின் பெயர் வேண்டாம். இப்போது ஒரு சிக்கன கடனுதவிச் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் குறைவு. ஆக, கடன் கொடுப்பதே அநியாயம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கடன் இல்லாமல் ஒரு போகம் விதைக்க முடியாது, ஒரு தையல் மெஷின் வாங்க முடியாது. கம்பனி கொடுக்காவிட்டால் சனம் கடன் வாங்காமல் இருக்கப் போவதும் இல்லை. நாளுக்கு நாள் வட்டி ஏற்றுகிற மீட்டர் வட்டிக்காரனிடம் போகும், அல்லது காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைக்கும். எங்கள் கடனால் இடியப்பம் அவித்து விற்று, அப்புறம் கடை போட்டு, பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பிய ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் பொய்யன்.

ஆனால் கணக்கு கணக்குத்தான். நான் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் சொல்லிக் கொடுத்த கடன் இப்படி இருந்தது: 50,000 ரூபா, வருடத்துக்கு 24 வீதம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்க நியாயமாக இருக்கும், வங்கியில் அடகு வைத்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வருமே என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவதால், அந்தப் பெண்ணின் கையில் வருடம் முழுக்க 50,000 இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. குறைந்து போகிற மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது 24 இல்லை, வருடத்துக்கு 44 வீதம். அதிலும் கடன் கொடுக்கிற அன்றே பத்திரச் செலவு, காப்புறுதி என்று 2,500 ரூபாவைப் பிடித்துக்கொண்டு 47,500 ரூபாவைத்தான் கையில் கொடுப்போம், அப்போது 55 வீதத்துக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து கொப்பியில் நானே போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்த்த பிறகும் இரண்டு வருடம் வேலை செய்தேன் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வட்டியை விட மோசமானது கிழமைக் கட்டு. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அந்த வேலை விளங்காது. எனக்குத் தந்த பகுதி படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போக வேண்டும், அதனால் கம்பனிகள் அவ்வளவாக அந்தப் பக்கம் வரவில்லை. பாலம் வந்தது எல்லாருக்கும் நல்லதுதான், ஆஸ்பத்திரிக்குப் போக, பள்ளிக்கூடம் போக. ஆனால் அதே பாலத்தால் எங்கள் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாகப் போயின. திங்கள் ஒரு கம்பனி, செவ்வாய் ஒரு கம்பனி, வெள்ளி மட்டும் ஒரு கிராமத்தில் மூன்று கம்பனிக்காரர் ஒரே மரத்தடிக்குப் போட்டி போட்டதும் உண்டு. அங்கே காசு எப்போது வரும்? பெரும்போகம் மாசி பங்குனியில் வெட்டினால் வரும். சிறுபோகத்துக்குத் தண்ணி கிடைத்த இடத்தில் இன்னொரு தரம் வரும். நடுவில் மாடு, கோழி, வாவி மீன், கூலி வேலை. மார்கழி வெள்ளத்தில் இதில் ஒன்றும் இல்லை. வருடத்தில் இரண்டு தரம் காசு காண்கிற வீட்டிடம் வருடத்துக்கு 52 தரம் கை நீட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த கம்பனியிடம்தான். நான் கட்டு வாங்கிய காசில் பாதி இன்னொரு கம்பனி முந்தின நாள் கொடுத்த கடன் என்பது எனக்குத் தெரியும். மனேஜருக்கும் தெரியும். நோட்டு புதிதாக இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட அந்த நல்லவன் விஷயத்துக்கு வருகிறேன். நான் யாரையும் ஏசியதில்லை. பொம்பிளைகளிடம் ஒரு சொல் பிழையாகக் கதைத்ததில்லை. வேறு கம்பனிப் பெடியன்கள் சிலர் என்னென்ன கேட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஒருவரே, வெளிநாட்டுக் கடனைப் பற்றி ஆராய வந்தவர், தவணைக்குப் பதிலாகப் பெண்களிடம் பாலியல் ரீதியாக நெருக்கடி கொடுக்கப்பட்டதைத் தன் கூற்றில் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படி இல்லை. அதனால் எனக்கு நல்ல பெயர். லோன் தம்பி என்று கூப்பிடுவார்கள், போனவுடன் தேத்தண்ணி வரும், நாய் கூடக் குரைக்காது. ஒரு நாள் ஒரு அக்கா கட்டவில்லை. வயது நாற்பது இருக்கும், புருஷன் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள். குழுக் கடன் என்றால், ஐந்து பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் பொறுப்பு, காசு சேரும் வரைக்கும் சென்டர், அதாவது கட்டு வாங்குகிற கூட்டம், கலையாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு பெண்களும்தான் அவவின் திண்ணையில் போய் இருந்தார்கள், அவர்கள்தான் கத்தினார்கள், ஒருத்தி அவவின் பிள்ளை முன்னாலேயே கேட்கக் கூடாததைக் கேட்டாள். நான் முற்றத்து வேப்பமரத்தடியில், அதே அக்கா ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பொழுது படுகிற வரைக்கும் இருந்தேன். கடைசியில் எங்கேயோ போய் 1,200 ரூபா கொண்டு வந்து தந்தா. எட்டு ரூபா மீதி கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த பிழை என்ன என்று கேட்டால் எந்தச் சட்டப் புத்தகத்திலும் காட்ட முடியாது. ஆனால் நான் அங்கே இருந்ததே அதற்குத்தான். நான் எழும்பிப் போயிருந்தால் அந்த நாலு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு, எனக்கு விளங்க நாள் எடுத்தது. அந்தப் பகுதியில் எங்கள் கம்பனியின் கடன் மற்றவர்களுடையதை விட வேகமாகப் பரவியதற்குக் காரணம் வட்டி இல்லை, நான்தான். அந்தத் தம்பி நல்ல பெடியன், அவரிடம் எடுக்கலாம் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள். இரண்டாம் லோன் எடுக்கத் தயங்கியவர்கள் என் முகத்துக்காக எடுத்தார்கள். என் நல்ல குணம் கம்பனிக்கு முதலாகப் போயிற்று, அதற்கு எனக்குக் கொமிஷனும் வந்தது. ஆகவே தம்பி, கெட்ட ஏற்பாட்டுக்குள் நல்லவன் ஒருவன் போனால் ஏற்பாடு கொஞ்சம் நல்லதாகும் என்பது எப்போதும் உண்மை இல்லை. சில இடங்களில் ஆகும். பொலிஸில், ஆஸ்பத்திரியில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒரு நல்ல ஆள் இருந்தால் சனத்துக்கு நன்மைதான், ஏனென்றால் அங்கே சனம் எப்படியும் போயே ஆக வேண்டும். கடன் அப்படி இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் வருவார்களா இல்லையா என்பது முடிவாகும்.

நான் விட்டுவிட்டு வந்தது அந்த வேப்பமரத்தடியால் இல்லை. ஒரு படிவத்தால். கடன் விண்ணப்பத்தில் மாத வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நாங்கள்தான் நிரப்ப வேண்டும். 18,000 வருகிற வீட்டுக்கு 45,000 என்று எழுதினால்தான் கடன் பாஸாகும். முதல் தரம் எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. நூறாம் தரம் நிற்கவில்லை. அந்த நேரம் காத்தான்குடியில் என் கூட்டாளி ஒருவர் வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தும் போகவில்லை. வட்டி வாங்குகிறவர், கொடுக்கிறவர், அதை எழுதுகிறவர், சாட்சி நிற்கிற இருவர், எல்லாரும் சமம் என்று அவர்களுடைய இஸ்லாம் மார்க்கத்தில் இருக்கிறது என்று சொன்னார். எழுதுகிறவனைப் போய் ஏன் சேர்த்தார்கள், அவன் சம்பளத்துக்கு எழுதுகிறான் பாவம் என்று நான் அவரோடு வாதாடினேன். அவர் சிரித்துவிட்டு, 'எழுத ஆளில்லாவிட்டால் எப்படிக் கொடுப்பாங்க?' என்று மட்டும் கேட்டார். அவருடைய முடிவு எனக்கு இன்றைக்கும் முழுதாகச் சம்மதம் இல்லை. எல்லா வட்டியும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை, நினைத்தால் இப்போது இருக்கிற சங்கத்திலும் இருக்க முடியாது. ஆனால் எழுதுகிறவன் தப்ப முடியாது என்பது சரி என்று அந்தக் கட்டத்தை நிரப்பி நிரப்பித்தான் கண்டுகொண்டேன்.

நான் சொல்வது பழைய கதையாக இருக்கலாம், அதையும் கணக்கில் எடுங்கள். 2016இல் நுண்நிதியளிப்புக்கென்று ஒரு சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதே வருடக் கடைசியில் மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு வருடத்துக்கு 35 வீதம்தான் உச்சம் என்று வரம்பு போட்டது. அந்த வரம்பின்படி, நான் மேலே போட்ட 55 வீதக் கணக்கை உரிமம் உள்ள ஒரு நிதிக் கம்பனி அப்படியே செய்யக் கூடாது என்றாயிற்று, இன்றைய வரம்பு என்ன என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் வரம்பு வந்த பிறகும் 2021இல் பக்கத்துப் பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில், பெண்கள் நாள்கணக்காகத் தெருவில் இருந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு வேலை தருகிற கம்பனி எந்த உரிமத்தில் நடக்கிறது என்பதை மத்திய வங்கியின் பட்டியலில் ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். பட்டியலில் இல்லாவிட்டால் இந்தப் பதிலின் மீதியை வாசிக்கத் தேவையில்லை, போகாதீர்கள்.

எந்த வேலையை ஏற்கக் கூடாது என்ற பெரிய கேள்விக்கு என்னிடம் பட்டியல் கிடையாது. அம்பாறையில் என்னோடு பயிற்சிக்கு வந்த சிங்கள நண்பர் ஒருவர் சொல்வார், அவர்களுடைய பௌத்தத்தில் இல்லறத்தார் செய்யக் கூடாத வியாபாரம் ஐந்து இருக்கிறதாம்: ஆயுதம், மனிதர், இறைச்சி, போதைப் பொருள், நஞ்சு. நல்ல பட்டியல். ஆனால் விற்கிற முதலாளிக்குத்தான் அது நேரே பொருந்துகிறது, சாராயக் கடையில் கூட்டித் துடைக்கிற பெடியனுக்கு என்ன சொல்வது? சில வேலைகள் சந்தேகமே இல்லாதவை. வேலையின் நோக்கமே ஏமாற்றுவதாக இருந்தால் அதற்குள் நல்லவனாக இருக்க இடம் கிடையாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கொண்டுபோய் மியன்மாரின் மியாவடியில் அடைத்து வைத்து ஒன்லைன் மோசடி செய்ய வைத்தார்களே, நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் மாட்டுப்பட்டார்களே, அது ஒன்று. வீட்டு வேலைக்கு வெளிநாடு அனுப்புவதற்காக ஒரு பிள்ளையின் வயதைக் கூட்டி எழுதுகிற ஏஜென்சி வேலை இன்னொன்று. இவற்றுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதே பிழை. மற்றப்படி ஆற்று மண் ஏற்றுகிற டிப்பர் ஓட்டலாமா, கல்குடாவில் ஊரே எதிர்த்த மதுபானத் தொழிற்சாலையில் காவலாளியாக நிற்கலாமா, இதற்கெல்லாம் நான் பதில் சொல்லப் போனால் அது என் மனச்சாட்சியை உங்கள் தலையில் கட்டுவதாகிவிடும். பேர்மிட் உள்ள மண்ணா இல்லாத மண்ணா என்பதை டிரைவர் கேட்கலாம், கேட்டால் தெரியும், அந்த அளவுக்குச் சொல்லலாம்.

நான் கண்ட மட்டில் ஒரு வேலையின் குணம் நல்ல நாளில் தெரியாது. ஆகவே நேர்முகப் பரீட்சையில் அவர்களைக் கேளுங்கள், ஒருத்தி கட்டாத நாளில் நான் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒரு வீட்டுப் பொருளில் கை வைக்க ஒரு உத்தியோகத்தருக்கும் உரிமை கிடையாது, இதில் சந்தேகம் இல்லை. அவர்கள் 'அதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்' என்று சொன்னால் அது பதில்தான், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நியமனக் கடிதத்தில் வராத தவணையை உங்கள் சம்பளத்தில் கழிப்பதாக எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த அக்காவின் 1,192 ரூபாவும் உங்கள் வீட்டு அரிசியும் ஒரே சட்டியில் வந்துவிடும், அதற்குப் பிறகு எந்தக் கொள்கையும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. கொமிஷன் அடிப்படைச் சம்பளத்தை விடக் கூட வரும் என்று ஆசை காட்டினாலும் அதே கதைதான்.

நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான் என்று அம்மா சொல்லுவா. போவான். என் இடத்துக்கும் அடுத்த திங்களே ஒருவன் வந்தான், நான் விட்டதால் படுவான்கரையில் ஒருத்தியின் கடனும் ஒரு சதம் குறையவில்லை. விட்டது அவர்களுக்குச் செய்த உதவி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் மனைவி ஆசிரியை, மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அதனால்தான் என்னால் யோக்கியனாக முடிந்தது. என்னோடு வேலை செய்த இரண்டு பேருக்கு அப்படி இல்லை, ஒருவருக்குத் தங்கச்சிமார் மூன்று பேர், அவர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார், நான் அவரை விட நல்லவன் என்று எனக்குத் தோன்றியதில்லை. உங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான் என்றால் போங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் போகும்போதே எதைச் செய்ய மாட்டேன் என்பதை ஒரு கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். படிவத்தில் பொய் வருமானம் எழுத மாட்டேன், மூன்று கம்பனிக்குக் கட்டுகிறவளுக்கு நாலாவது கொடுக்க மாட்டேன், பொழுது பட்டபிறகு ஒரு வீட்டு முற்றத்தில் இருக்க மாட்டேன், இப்படி உங்கள் கை செய்கிற காரியமாக எழுதுங்கள். நேர்மையாக இருப்பேன் என்று எழுதிப் பிரயோசனம் இல்லை, அது எவ்வளவும் இழுபடும். கூடவே மூன்று மாதச் செலவுக் காசு சேரும் வரைக்கும் கொமிஷனைத் தொடாமல் வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடதாசியைக் கிழிக்கிற நாள் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. நான் அப்படி எழுதி வைக்கவில்லை. அதனால்தான் விடுவதற்கு இரண்டு வருடம் பிந்தியது.

கடைசியாக ஒன்று. நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள், அந்த வேலையில் இருக்கிற கூட்டாளியிடமும் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவிடம் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. ஒரு பின்னேரம் போய் அவவிடம் இருந்து கதையுங்கள். இத்தனை வருடத்தில் அவவிடம் கட்டு வாங்க வந்த உத்தியோகத்தர்களில் யார் நல்லவர் என்று கேளுங்கள், கட்டாயம் ஒருவரைச் சொல்லுவா. அந்த ஆள் எத்தனை மாதம் வந்தார், அவர் வந்த காலத்தில் அவ எத்தனை லோன் எடுத்தா என்றும் கேளுங்கள்.